நூறில் நான்கு: இரு காந்தப் படலங்களின் எல்லையில்

இரும்பு, கோபால்ட், நிக்கல் போன்ற ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு நடுநிலைமை உண்டு. வலப்பக்கமாகக் காந்தமேற்ற எவ்வளவு புலம் தேவையோ, இடப்பக்கமாகத் திருப்பவும் அதே அளவுதான் தேவை. புலத்தைக் கிடை அச்சிலும் காந்தமாக்கத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால், பள்ளிப் பாடநூல்களில் வரும் தயக்கக் கண்ணி கிடைக்கும். சுழிப்புள்ளியை மையமாகக் கொண்டு இருபுறமும் சமமாக விரிந்த மூடிய வளைவு அது. இந்தச் சமச்சீர் தற்செயலாக அமைந்ததன்று. படிகத்தின் அமைப்பைப் பொறுத்து அணுக்காந்தங்கள் ஏதோ ஓர் அச்சை விரும்பலாம். ஆனால் அந்த அச்சின் இந்த முனையா அந்த முனையா என்ற பாகுபாடு அவற்றுக்குக் கிடையாது. எல்லா அணுக்காந்தங்களையும் வெளிப்புலத்தையும் ஒருசேரத் தலைகீழாக்கினால் ஆற்றலில் இம்மியும் மாற்றம் இருக்காது.

1956இல் வெளியான ஓர் ஆய்வுக் குறிப்பில் இந்த நடுநிலைமை குலைந்திருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் இருந்த ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் டபிள்யு. எச். மைக்கிள்ஜானும் சி. பி. பீனும் மிக நுண்ணிய கோபால்ட் துகள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு துகளும் சுமார் 20 நானோமீட்டர் குறுக்களவு. மேலே கோபால்ட் ஆக்சைடின் மெல்லிய தோல். அந்தத் தூளைக் காந்தப்புலத்தில் வைத்தபடியே திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்குக் குளிரூட்டி அளந்தபோது, கண்ணி அகன்றிருந்ததோடு இடமும் பெயர்ந்திருந்தது. அதன் மையம் சுழியில் இல்லை. ஒரு திசையில் காந்தமேற்றுவது எளிதாகவும் எதிர்த் திசையில் கடினமாகவும் இருந்தது. புலம் இல்லாமல் குளிரூட்டிய தூளில் இந்தப் பெயர்ச்சி தென்படவில்லை.

முறுக்கு விசையை அளந்தபோதும் இதே செய்திதான். வழக்கமான படிகங்களில் ஆற்றல் கோணத்தின் சைன் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். 180 பாகை திருப்பினால் பழைய நிலைக்கே வரும். இங்கோ ஒரு முழுச் சுற்றுக்கு ஒரேயொரு தாழ்நிலைதான் இருந்தது. அச்சு முழுவதுக்குமான சார்பு போய், ஒற்றை முனைக்கான சார்பு வந்திருந்தது. இந்த நிகழ்வுதான் இன்று பரிமாற்றச் சாய்வு எனப்படுகிறது. கண்டவர்கள் காரணத்தையும் ஏறத்தாழச் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அவர்களது விளக்கத்தில் எண்ணை இட்டுப் பார்த்தால் விடை நூறு மடங்கு பிசகியது. பிசகு எங்கே என்று கண்டுபிடிக்க அரை நூற்றாண்டு தேவைப்பட்டது.

சுழியில் ஒளிந்த விறைப்பு

கோபால்ட் ஆக்சைடு ஓர் எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள். அதன் அணுக்காந்தங்கள் தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தளம் மேல்நோக்கினால் அடுத்தது கீழ்நோக்கும். கூட்டினால் விடை சுழி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது காந்தமாகவே தெரியாது. ஓர் ஆணியைக்கூட ஈர்க்காது.

இப்படி ஓர் ஒழுங்கு இருக்க முடியும் என்று 1930களில் முன்மொழிந்தவர் பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி நெயெல். சோவியத் நாட்டில் லாந்தாவும் தனிவழியில் இதே எண்ணத்துக்கு வந்தார். நேரடிச் சான்று கிடைக்க 1949 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் கிளிஃபர்ட் ஷல்லும் சாமுவேல் ஸ்மார்ட்டும் மாங்கனீசு ஆக்சைடில் நியூட்ரான்களைச் சிதறவிட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிர்த்திசை நோக்கும் அடுக்குகளைக் கண்டார்கள். நெயெலுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏற்புரையிலேயே அவர், எதிர்ஃபெர்ரோ காந்தப் பொருள்கள் கோட்பாட்டு நோக்கில் சுவையானவை, ஆனால் பயன் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை என்ற பொருள்படப் பேசினார். அப்போது மைக்கிள்ஜான்–பீன் குறிப்பு வெளியாகிப் பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

பயனற்றது என்று தோன்றியதற்குக் காரணம், நிகரக் காந்தம் சுழி என்பது வலுவின்மை போலத் தோன்றியதுதான். வடமிழுக்கும் போட்டியில் இரு அணியும் சமபலத்தில் இழுக்கும்போது வடம் அசையாது. ஆனால் அதன் மேல் கை வைத்தவருக்குத்தான் அது எவ்வளவு விறைத்திருக்கிறது என்பது தெரியும். எதிர்ஃபெர்ரோ காந்தத்தின் உள்ளே அடுத்தடுத்த அணுக்களை எதிரெதிராகப் பிடித்துவைத்திருக்கும் விசை, ஃபெர்ரோ காந்தத்தில் அவற்றை ஒரே திசையில் பிடித்துவைக்கும் விசைக்குச் சற்றும் இளைத்ததல்ல. இரண்டும் ஒரே குடும்பத்தவை. எலெக்ட்ரான்களுக்கிடையேயான மின்விலக்கமும் பவுலியின் தவிர்ப்பு விதியும் சேர்ந்து உண்டாக்கும் பரிமாற்ற இடைவினைதான் இரண்டுக்கும் ஊற்று. ஹைசன்பெர்க் 1928இல் இதை விளக்கினார். இரு அணுக்காந்தங்கள் தம் காந்தப்புலத்தால் மட்டும் ஒன்றையொன்று பாதித்தால் ஓரிரு கெல்வின் வெப்பமே அந்த ஒழுங்கைக் கலைத்துவிடும். கோபால்டின் காந்தத்தன்மையோ சுமார் 1,400 கெல்வின் வரை தாக்குப்பிடிக்கிறது. அந்த வித்தியாசம் பரிமாற்ற இடைவினையின் வலிமை.

வெளிப்புலத்துக்கு எதிர்ஃபெர்ரோ காந்தத்தைப் பற்றி இழுக்கப் பிடிமானம் இல்லை. மேல்நோக்கும் அணுவைப் புலம் ஒரு பக்கம் தள்ளினால், கீழ்நோக்கும் அணுவை அதே வலுவில் எதிர்ப்பக்கம் தள்ளும். ஆய்வகத்தில் எளிதாகக் கிடைக்கும் புலங்கள் அதன் ஒழுங்கைப் புரட்டிப் போட இயலாது. நெயெல் காலத்தில் குறையாகத் தெரிந்த இந்தக் குணம்தான் பிற்பாடு அதன் மதிப்பாயிற்று.

குளிரூட்டும்போது நடப்பது

எதிர்ஃபெர்ரோ ஒழுங்கு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மேல் கலைந்துவிடும். அதற்கு நெயெல் வெப்பநிலை என்று பெயர். கோபால்ட் ஆக்சைடுக்கு அது ஏறத்தாழ 290 கெல்வின், அதாவது குளிரான ஓர் அறையின் வெப்பநிலை. நிக்கல் ஆக்சைடுக்கு ஏறத்தாழ 525 கெல்வின்.

ஆக்சைடுத் தோல் போர்த்திய கோபால்ட் துகளை 300 கெல்வினில் ஒரு புலத்தில் வைப்போம். உள்ளேயிருக்கும் கோபால்ட் புலத்தின் திசையில் திரும்பி நிற்கும். வெளியே ஆக்சைடின் அணுக்காந்தங்கள் அலைக்கழிந்தபடி இருக்கும். இப்போது வெப்பநிலையைக் குறைத்தால், 290 கெல்வினைக் கடக்கும்போது ஆக்சைடு ஒழுங்குக்கு வரத் தொடங்கும். எல்லையில் இருக்கும் ஆக்சைடு அணுக்கள், பக்கத்தில் ஏற்கெனவே ஒரு திசையில் நிற்கும் கோபால்ட் அணுக்களோடு பரிமாற்ற இடைவினையால் பிணைந்திருப்பதால், அவற்றுக்கு இசைவான திசையையே எடுத்துக்கொள்ளும். அதைப் பின்பற்றி அடுத்தடுத்த அடுக்குகள் மாறிமாறி அமையும். குளிர்ந்து முடிந்ததும் ஆக்சைடு உறைந்த சாட்சியாகிவிடும்: குளிரூட்டிய நேரத்தில் கோபால்ட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது அதன் எல்லை அடுக்கில் பதிவாகியிருக்கும்.

பிறகு புலத்தைத் திருப்பினால் கோபால்ட் திரும்ப முயலும். எல்லையில் இருக்கும் ஆக்சைடு அணுக்கள் திரும்ப மறுத்துப் பழைய திசைக்கே இழுக்கும். ஆகவே கண்ணி குளிரூட்டிய புலத்துக்கு எதிர்ப்பக்கமாக நகரும். அடிப்படைச் சமச்சீரும் மீறப்படவில்லை. குளிரூட்டிய புலத்தையும் சேர்த்துத் திருப்பியிருந்தால் கண்ணி மறுபக்கம் நகர்ந்திருக்கும். வரலாற்றையும் கணக்கில் சேர்த்தால் நடுநிலைமை அப்படியேதான் இருக்கிறது.

வெப்பநிலையை உயர்த்தினால் பெயர்ச்சி குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் மறைந்துவிடும். தடுப்பு வெப்பநிலை எனப்படும் அந்த வெப்பநிலை பெரும்பாலும் நெயெல் வெப்பநிலைக்குக் கீழே இருக்கும். படலம் மெலிந்தும் அதன் படிகக் குறுமணிகள் சிறுத்தும் இருந்தால் இன்னும் கீழே இறங்கும். ஒழுங்கு கலையுமுன்பே சிறு குறுமணிகள் வெப்பத்தால் தம் திசையைக் கைவிட்டுவிடுவதே இதற்குக் காரணம்.

நூறு மடங்கு பிசகு

துகள்களைவிடத் தட்டையான படலங்களில் மைக்கிள்ஜான்–பீன் விளக்கத்தின் கணக்கைப் போடுவது எளிது. ஃபெர்ரோ காந்தப் படலத்தைப் புலம் திருப்ப முயலும் வலு அதன் கனஅளவைப் பொறுத்தது. எல்லையின் பிடி பரப்பளவை மட்டுமே பொறுத்தது. எனவே பெயர்ச்சி, ஓர் அலகுப் பரப்பின் எல்லையாற்றலைப் படலத்தின் காந்தமாக்கத்தாலும் தடிமனாலும் வகுத்த ஈவு. தடிமன் பாதியானால் பெயர்ச்சி இரட்டிக்க வேண்டும். எண்ணற்ற அளவீடுகளில் இந்தத் தலைகீழ் விகிதம் பலித்திருக்கிறது. நிகழ்வு எல்லையில்தான் பிறக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

எல்லையாற்றலின் மதிப்பில்தான் சிக்கல். ஒரு சதுர மீட்டர் எல்லையில் சுமார் 10 அடுக்கு 19 அணுக்கள் இருக்கும். ஒவ்வோர் அணுப் பிணைப்புக்கும் சில மில்லி எலெக்ட்ரான்வோல்ட் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 10 மில்லிஜூல் என்ற அளவில் எல்லையாற்றல் வர வேண்டும். 10 நானோமீட்டர் தடிமனுள்ள நிக்கல்–இரும்புப் படலத்துக்கு இதைப் போட்டால் பெயர்ச்சி 1 டெஸ்லாவைத் தாண்டும். அளந்து பார்த்தால் கிடைப்பதோ அதில் நூறில் ஒரு பங்கு: 10 மில்லிடெஸ்லா சுற்றளவில். வெவ்வேறு பொருள் இணைகளில் அளக்கப்பட்ட எல்லையாற்றல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.01 முதல் 0.5 மில்லிஜூல் வரைதான்.

இதற்கு மேல் இன்னொரு முடிச்சும் விழுந்தது. எதிர்ஃபெர்ரோ படிகத்தை ஒரு விதமாக வெட்டினால், வெட்டுமுகத்தில் இருக்கும் அணுக்காந்தங்கள் அனைத்தும் ஒரே திசை நோக்கும். வேறு விதமாக வெட்டினால் மேல்நோக்குவதும் கீழ்நோக்குவதும் சரிபாதியாக இருந்து ஈடுசெய்துகொள்ளும். முதல் வகை முகத்தில் பெயர்ச்சி பெரிதாகவும் இரண்டாம் வகையில் சுழியாகவும் இருக்க வேண்டும் என்பது எளிய எதிர்பார்ப்பு. நிஜத்தில் ஈடுசெய்த முகங்களிலும் பெயர்ச்சி தெரிந்தது. சில பொருள்களில் அங்கேதான் அதிகமாகவும் இருந்தது. ஆக, விடை மிகப் பெரிதாக வர வேண்டிய இடத்தில் சிறிதாகவும், சுழியாக வர வேண்டிய இடத்தில் சுழியல்லாமலும் இருந்தது. அப்பழுக்கற்ற எல்லை ஒன்றைக் கற்பனை செய்து போட்ட கணக்கு, இரு புறமும் தோற்றது.

சுவரா, மேடுபள்ளமா

1987இல் இரண்டு விளக்கங்கள் வந்தன. மௌரியும் கூட்டாளிகளும் சொன்னது இது: ஃபெர்ரோ காந்தப் படலம் திரும்பும்போது எதிர்ஃபெர்ரோ அடுக்கு முழு விறைப்போடு நிற்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லையை ஒட்டிய சில அடுக்குகள் கூடவே கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொள்ளலாம். எல்லைக்கு இணையாக உள்ளே ஒரு டொமைன் சுவர், அதாவது அணுக்காந்தங்களின் திசை படிப்படியாக மாறும் ஒரு பட்டை, உருவாகும். அந்தச் சுவரை உண்டாக்கச் செலவாகும் ஆற்றல், பிணைப்புகள் அனைத்தையும் முறிக்கத் தேவையானதைவிட மிகக் குறைவு. ஆகவே பெயர்ச்சியும் குறையும். அழகான விளக்கம்தான்; சுவர் எழும்ப இடம் வேண்டும் என்பதால் எதிர்ஃபெர்ரோ படலத்துக்கு ஒரு குறைந்தபட்சத் தடிமன் தேவை என்பதற்கும் இது இசைவாக இருந்தது. ஈடுசெய்த முகத்தில் பெயர்ச்சி எப்படி வருகிறது என்ற கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

ஐபிஎம் ஆய்வாளர் மலோஸெமோஃப் எல்லையின் கரடுமுரடிலிருந்து தொடங்கினார். அணு அளவில் எந்த எல்லையும் சமதளமல்ல. ஓர் அணு உயரப் படி ஏறினால் எல்லையணுவின் திசை தலைகீழாகிவிடும். ஆகவே பிணைப்புகளில் சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் இழுக்கும்; பெரும்பாலானவை ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் சரிசமமாகத் தின்று தீர்வதில்லை. 10,000 தடவை நாணயத்தைச் சுண்டினால் தலையும் பூவும் 5,000 வீதம் விழுவது அபூர்வம். வித்தியாசம் 10,000இன் வர்க்கமூலமான 100 என்ற அளவில் இருக்கும். பக்கத்துக்கு 100 அணுக்கள் கொண்ட, ஒரே சீரான ஒழுங்குள்ள ஓர் எதிர்ஃபெர்ரோ பகுதியில் (டொமைனில்) எல்லையணுக்கள் 10,000. தற்செயலாக மிஞ்சும் சமனின்மை சுமார் 100, அதாவது நூறில் ஒன்று. காணாமற்போன நூறு மடங்கு இப்படிக் கணக்கில் வந்தது. ஈடுசெய்த முகம், ஈடுசெய்யாத முகம் என்ற வேறுபாட்டின் கூர்மையும் மழுங்கியது. கரடுமுரடான எல்லையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.

1997இல் கூன் என்பவர், சிறு பழுதும் இல்லாத ஈடுசெய்த எல்லையிலும் ஃபெர்ரோ காந்தம் எதிர்ஃபெர்ரோ அச்சுக்குச் செங்குத்தாக நின்று பெயர்ச்சியை உண்டாக்கலாம் என்று காட்ட முயன்றார். அடுத்த ஆண்டே ஷுல்தெஸும் பட்லரும் கணக்கை முப்பரிமாணத்தில் முழுமையாகப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் செங்குத்துப் பிணைப்பு கண்ணியை அகலமாக்குகிறது; நகர்த்துவதில்லை. நகர வேண்டுமானால் எல்லையில் பழுது வேண்டும். பழுதைச் சேர்த்ததும் அளவீடுகளோடு ஒப்பிடத்தக்க எண்கள் வந்தன.

எண்ணிப் பார்த்தவர்கள்

எஞ்சியது அந்தச் சமனற்ற அணுக்களை நேரில் எண்ணுவது. படலத்துக்கு நடுவே புதைந்த, ஓர் அணுத் தடிமனுள்ள எல்லையில், நூறில் ஒன்றாக இருக்கும் அணுக்களைத் தேட வேண்டும். 1997இல் தகானோ, பெர்கோவிட்ஸ் முதலியோர் கோபால்ட் ஆக்சைடுப் படலங்களில் எஞ்சும் மிகச் சிறிய காந்தமாக்கத்தை அளந்து, எல்லை அடுக்கின் அணுக்காந்தங்களில் ஏறத்தாழ நூறில் ஒன்றே ஈடுசெய்யப்படாமல் இருக்கிறது என்று கணித்தார்கள். அதன் அளவு வெப்பநிலையோடு குறைந்த விதமும் பெயர்ச்சி குறைந்த விதமும் ஒத்திருந்தன.

அதற்குப் பிறகு எக்ஸ் கதிர்கள் கைகொடுத்தன. ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரை உறிஞ்சும். கதிரின் முனைவாக்கத்தை மாற்றினால் அந்தத் தனிமத்தின் காந்தத் திசையும் தெரியவரும். ஒரே படலத்தில் கோபால்டை ஒரு படமாகவும் மாங்கனீசை வேறொரு படமாகவும் எடுத்துவிடலாம். 2000இல், லாந்தனம் இரும்பு ஆக்சைடின் மேல் படிந்த கோபால்ட் படலத்தில், கீழே உள்ள எதிர்ஃபெர்ரோ டொமைன்களின் வரைபடம் மேலே உள்ள ஃபெர்ரோ டொமைன்களில் அப்படியே பிரதியாகியிருப்பது காட்டப்பட்டது. 2003இல் ஓல்டாக், ஸ்டோர் முதலியோர், தொழில்பயன் உள்ள மூன்று படல இணைகளில் எல்லையணுக்களைத் தரம் பிரித்தார்கள். ஈடுசெய்யப்படாத அணுக்காந்தங்களில் பெரும்பகுதி ஃபெர்ரோ காந்தத்தோடு சேர்ந்து சுற்றிவிடுகிறது. சுற்ற மறுத்து எதிர்ஃபெர்ரோ படிகத்தோடு இறுகியிருப்பவை ஓர் அணு அடுக்கில் நூறில் நான்கு என்ற அளவில் மட்டுமே. அந்த எண்ணிக்கையை 1956இன் சூத்திரத்தில் இட்டால், அளந்த பெயர்ச்சி கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மைக்கிள்ஜானும் பீனும் எழுதிய சமன்பாட்டின் வடிவில் தவறில்லை. எல்லையில் உள்ள அணுக்கள் எல்லாமே பிடிப்பில் பங்கேற்கின்றன என்ற அனுமானம்தான் பிழை. கூடவே சுற்றுபவை கண்ணியை அகலப்படுத்துகின்றன. இறுகியவை அதை நகர்த்துகின்றன. 1956இன் அளவீட்டில் ஒன்றாகத் தெரிந்த இரு விளைவுகளுக்கும் இப்படித் தனித்தனிக் காரணிகள் கிடைத்தன.

பழுதே காரணம் என்றால் பழுதைக் கூட்டினால் பெயர்ச்சியும் கூட வேண்டும். ஜெர்மனியின் ஆகன் நகரிலும் டூயிஸ்பர்க் நகரிலும் இருந்த ஆய்வுக் குழுக்கள் 2000இல் இதைச் சோதித்தன. கோபால்ட் ஆக்சைடுப் படலத்தின் உட்பகுதியில், எல்லையைத் தொடாமல், கோபால்டுக்குப் பதிலாகக் காந்தத்தன்மை இல்லாத மக்னீசியத்தை ஆங்காங்கே நுழைத்தார்கள். எதிர்ஃபெர்ரோ ஒழுங்கில் ஓட்டை போடும் வேலை இது. பெயர்ச்சி குறையவில்லை, பல மடங்கு பெருகியது. ஓட்டைகள் வழியாக டொமைன் சுவர்கள் மலிவாக அமைய முடிந்ததால் உள்ளே நிறைய டொமைன்கள் உறைந்தன; ஒவ்வொரு டொமைனும் தன் பங்குக்குச் சமனற்ற மிச்சத்தை எல்லைக்குக் கொண்டுவந்தது. ஓட்டைகள் அளவுமீறியபோது ஒழுங்கே தளர்ந்து பெயர்ச்சி மறுபடி இறங்கியது.

புதிரின் வேறு முனைகளும் இதே இடத்தில் வந்து சேர்கின்றன. ஒரே மாதிரியை மீண்டும் மீண்டும் கண்ணி வழியே சுற்றினால் பெயர்ச்சி ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தேய்கிறது. முதல் சுற்றில்தான் இழப்பு மிகுதி. உறைந்து நின்றவற்றில் தளர்வானவை ஒவ்வொன்றாகப் பிடியை விடுவதே இது. 1996இல் நோகேஸ், ஷுல்லர் முதலியோர் இரும்பு ஃபுளோரைடு–இரும்பு இணையை மிகப் பெரிய புலத்தில் குளிரூட்டியபோது கண்ணி வழக்கத்துக்கு மாறாகப் புலத்தின் பக்கமே நகர்ந்தது. எல்லையணுக்கள் ஃபெர்ரோ காந்தத்தின் சொல்லைவிட வெளிப்புலத்தின் சொல்லுக்கு அதிகம் கட்டுப்பட்டு உறைந்ததே காரணம்.

கோட்பாட்டுக்குக் காத்திராத தொழில்

இந்த விவாதங்கள் நடந்துகொண்டிருக்கும்போதே பரிமாற்றச் சாய்வு கோடிக்கணக்கான கணினிகளுக்குள் புகுந்துவிட்டது. 1988இல் பிரான்சில் ஆல்பர்ட் ஃபெர்டும் ஜெர்மனியில் பீட்டர் குருன்பெர்கும் பெருங்காந்தத் தடைமாற்றத்தைக் கண்டார்கள். அதற்கு 2007இல் நோபல் பரிசு கிடைத்தது. மெல்லிய உலோக அடுக்குக்கு இருபுறமும் உள்ள காந்தப் படலங்கள் ஒரே திசையில் இருந்தால் மின்தடை குறைவு, எதிரெதிரே இருந்தால் அதிகம். வன்தட்டில் எழுதப்பட்ட பிட்டுகளைப் படிக்க இது நல்ல கருவி. ஆனால் பிட்டின் மிகச் சிறிய புலத்துக்கு இரு படலங்களும் சேர்ந்து திரும்பிவிட்டால் தடை மாறாது. ஒன்று சுதந்திரமாகத் திரும்ப வேண்டும். மற்றொன்று அசையக் கூடாது.

1991இல் கலிபோர்னியாவின் ஐபிஎம் ஆய்வகத்தில் தியேனி, பார்க்கின் முதலியோர் இதற்கு எதிர்ஃபெர்ரோ காந்தத்தைப் பயன்படுத்தினார்கள். நிக்கல்–இரும்பு, செம்பு, நிக்கல்–இரும்பு என்ற மூன்றடுக்கின் மேல் இரும்பு–மாங்கனீசு. மேலுள்ள நிக்கல்–இரும்பை இரும்பு–மாங்கனீசு இறுகப் பிடித்துக்கொண்டது. கீழுள்ளது சுதந்திரமாக இருந்தது. ஸ்பின் வால்வு எனப்படும் இந்த அமைப்பு 1997இல் ஐபிஎம்மின் 16.8 ஜிகாபைட் மேசைக்கணினி வன்தட்டில் விற்பனைக்கு வந்தது. நெயெல் பயன் காணாத பொருள் ஒவ்வொரு படிப்புமுனையிலும் ஏறி உட்கார்ந்தது. தனக்கென்று புலம் இல்லாததால் அது பக்கத்துப் பிட்டுகளைக் கெடுப்பதில்லை. பக்கத்துப் புலங்களும் அதை அசைப்பதில்லை.

பொருள் தேர்வில் பொறியாளர்கள் கையாண்டது பெரும்பாலும் பட்டறிவு. இரும்பு–மாங்கனீசு எளிதில் அரித்துப்போகும். அதன் தடுப்பு வெப்பநிலையும் 150 செல்சியஸ் பாகை அளவில்தான். நிக்கல் ஆக்சைடு அரிக்காது, ஆனால் பிடி போதாது. பிளாட்டினம்–மாங்கனீசு வெப்பத்தைத் தாங்கும். ஆனால் படலம் படிந்த பிறகு 250 பாகைக்கு மேல் நெடுநேரம் சூடேற்றினால்தான் அதன் அணுக்கள் எதிர்ஃபெர்ரோ ஒழுங்குக்கு வரும். இரிடியம்–மாங்கனீசுக்கு அத்தனை பாடு வேண்டாம். சில நானோமீட்டர் தடிமனே போதும். அதனால் அது பரவியது. உலகம் முழுவதும் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கும் குறைவாகக் கிடைக்கும் உலோகம் இரிடியம். ஒரு படலத்துக்கு அணுக்கணக்கில் மட்டுமே தேவைப்படுவதால்தான் கட்டுப்படியாகிறது.

பிடிக்கப்பட்ட படலமே தன் விளிம்புப் புலத்தால் சுதந்திரப் படலத்தைத் தொந்தரவு செய்வதைத் தவிர்க்க, அதை இரண்டாகப் பிளந்து நடுவில் ஒரு நானோமீட்டருக்கும் மெலிந்த ருத்தேனியம் வைக்கும் முறை வந்தது. ருத்தேனியம் இரு பாதிகளையும் எதிரெதிராகப் பிணைக்கும். வெளியே கசியும் புலம் ஏறத்தாழ சுழியாகும். இதே அடுக்குகள், செம்புக்குப் பதில் மின்கடத்தா ஆக்சைடு வைத்த சுரங்கச் சந்திகளுக்கும் போயின. 2006இல் விற்பனைக்கு வந்த 4 மெகாபிட் காந்த நினைவகச் சில்லுகளிலும் அசையாத குறிப்புப் படலத்தை நிலைநிறுத்தியது எதிர்ஃபெர்ரோ காந்தமே.

துகளுக்கும் பாறைக்கும் மின்னழுத்தத்துக்கும்

2003இல் ஸ்கும்ர்யேவ், நோகேஸ் முதலியோர் 4 நானோமீட்டர் கோபால்ட் துகள்களைக் கோபால்ட் ஆக்சைடில் பொதிந்தார்கள். காந்தமற்ற பொருளில் பொதிந்தால் அத்தகைய துகள் 10 கெல்வினிலேயே வெப்பத்தால் தடுமாறித் தன் திசையை இழக்கும். ஆக்சைடில் பொதிந்தபோது 290 கெல்வின் வரை, அதாவது ஆக்சைடின் நெயெல் வெப்பநிலை வரை, தாங்கியது. 2007இல் நார்வேயின் ஒரு பாறையில், ஹெமடைட்டுக்குள் இல்மனைட் நுண்தகடுகள் ஊடுருவிய கனிமத்தில், தாழ்வெப்பநிலையில் 1 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட பெயர்ச்சி அளக்கப்பட்டது. வழக்கமான படலங்களில் எட்டாத அந்த மதிப்பு, பாறை மிக மெதுவாக ஆறியபோது தானாக அமைந்த எல்லைகளில் கிடைத்தது.

எதிர்ஃபெர்ரோ காந்தத்தைக் காந்தப்புலத்தால் திருப்ப முடியாது என்றால், மின்புலத்தால் முடியுமா என்பது இன்றைய தேடல். குரோமியம் ஆக்சைடில் மின்புலமும் காந்த ஒழுங்கும் பிணைந்திருக்கின்றன. 2010இல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பினெக் குழுவினர், அதன் மேல் படிந்த கோபால்ட்–பல்லேடியம் அடுக்கின் பெயர்ச்சித் திசையை, அறை வெப்பநிலையில், மின்னழுத்தத்தின் குறியால் புரட்டிக் காட்டினார்கள். பெர்க்கிலியில் ராமமூர்த்தி ரமேஷ் குழுவினர் பிஸ்மத் இரும்பு ஆக்சைடை வைத்து, அதன் மேலிருக்கும் கோபால்ட்–இரும்பின் திசையை மின்புலத்தால் மாற்றும் ஆய்வுகளை 2008 முதல் நடத்திவந்திருக்கிறார்கள். மின்னோட்டம் பாய்ச்சிக் காந்தத்தைத் திருப்பும்போது வெப்பமாக வீணாகும் ஆற்றலைப் பெருமளவு குறைக்க இதில் வழி உண்டு.

சிறுக்கும்போது எழும் கேள்வி

பரிமாற்றச் சாய்வைப் பற்றி இப்போது நம் கையில் இருப்பது ஒரு நல்ல விளக்கம்; ஒரு நல்ல செய்முறைக் குறிப்பும்கூட. இரண்டுக்கும் இடையே பாலம் இன்னும் முழுமையாகவில்லை. எல்லையணுக்களில் எவை இறுகும், எவை சுற்றும் என்பது குறுமணியின் அளவு, படிகப் பழுதுகள், வெப்பமேற்றிய விதம், எல்லை கடந்து கலக்கும் அணுக்கள் எல்லாவற்றையும் சார்ந்தது. ஒரு புதிய பொருள் இணையைச் சொன்ன மாத்திரத்தில் அதன் பெயர்ச்சி இவ்வளவு என்று தாளில் கணித்துவிட முடியாது. செய்து பார்த்து அளக்க வேண்டியிருக்கிறது.

பெரிய படலங்களில் இதனால் தொல்லை இல்லை. கோடிக்கணக்கான அணுக்களின் சராசரி நம்பகமானது. காந்த நினைவகத்தில் ஒவ்வொரு பிட்டையும் வைத்திருக்கும் அடுக்குத் தூண்கள் சிறுத்துக்கொண்டே போகும்போதுதான் சிக்கல். 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் தூணின் எல்லைப் பரப்பு 314 சதுர நானோமீட்டர்; அதில் அணுக்கள் தோராயமாக 3,000. நூறில் நான்கு என்றால் இறுகியவை 120 சொச்சம். மலோஸெமோஃபின் நாணயக் கணக்கே இங்கும் செல்லும்: 120இன் வர்க்கமூலம் 11. பக்கத்துப் பக்கத்துத் தூண்களுக்கு இடையே பத்தில் ஒரு பங்கு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே இருக்கும். எதிர்ஃபெர்ரோ குறுமணிகளும் ஒரு தூணுக்கு விரல்விட்டு எண்ணும் அளவே இருப்பதால், ஏதேனும் ஒன்று முரண்டினாலும் தூண் முழுவதும் பாதிக்கப்படும். கோடிக்கணக்கான தூண்கள் ஒரே மாதிரி நடக்க வேண்டிய சில்லுக்கு இது சிறிய விஷயமல்ல.

பழுதை முற்றிலும் நீக்கிவிடலாம் என்றால், பழுதில்லாத எல்லை பயன்படாது என்பதை மேலே பார்த்தோம்: ஈடுசெய்த முகம் தன் பிடியை இழந்துவிடும். ஆக, இந்தத் துறையின் அடுத்த வேலை தூய்மையைக் கூட்டுவதில் இல்லை. மக்னீசியத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு நுழைத்த ஆய்வு காட்டிய திசையில், எந்தப் பழுது எங்கே இருக்க வேண்டும் என்று வரைந்து வைத்து எல்லையைக் கட்டும் திறன்தான் தேவை. நூறில் நான்கு என்பது இதுவரை அளந்து அறிந்த எண். அதை முன்கூட்டியே முடிவு செய்யும் எண்ணாக மாற்றும்போதுதான் 1956இன் சமன்பாட்டைக் கொண்டு நேரடியாக ஒரு கருவியை வடிவமைக்க முடியும்.